‘ஹால்ப் ட்ரை’ என்றால் எத்தனை மணி? ஐரோப்பாவுக்கு வேலைக்கோ படிக்கவோ போகிறவர்களுக்கு

ஜெர்மன்காரர் ‘ஹால்ப் ட்ரை’ என்றால் இரண்டரை மணி. டப்ளின்காரர் ஆங்கிலத்தில் ‘ஹாஃப் த்ரீ’ என்றால் மூன்றரை மணி. நெதர்லாந்தின் ராட்டர்டாம்காரர் அதே ஆங்கிலத்தில் அதே ‘ஹாஃப் த்ரீ’யைச் சொன்னால், அவர் மனதில் இரண்டரை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. படிக்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு இது ஒரு பிசியோதெரபி பில்லாகவும், வீணாய்ப்போன ரயில் டிக்கெட்டாகவும், அதற்குப் பதிலாக வாங்கிய இன்னொரு டிக்கெட்டாகவும் வந்து சேர்ந்தது. கூட்டிப் பார்த்தால் 200 யூரோவைத் தாண்டும். காசைவிட, தப்பு எங்கே என்றே புரியாமல் வெளிநாட்டில் தனியாக நின்றதுதான் அதிகம் வலித்தது. வகுப்பில் ஒரே வரியில் கடந்துபோகிற விஷயம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். தமிழில் முடிந்துபோன மணியைச் சொல்லி, அதற்கு மேல் கால், அரை, முக்காலைச் சேர்ப்போம். இரண்டு முடிந்து அரை ஆனால் இரண்டரை. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீசிய மொழிகளிலும் இதே வழக்கம்தான்: ‘இரண்டும் பாதியும்’ என்று சொல்வார்கள். அந்த நாடுகளில் நம் காதுக்குச் சிக்கல் இல்லை. ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள், செக், போலிஷ், ரஷ்யன், ஹங்கேரியன், ஃபின்னிஷ் ஆகியவற்றில் பேச்சுவழக்குக் கணக்கு வேறு. அவர்கள் சொல்வது நடந்துகொண்டிருக்கும் மணியை. ஜாதகத்தில் ‘30 முடிந்து 31 நடப்பு’ என்று எழுதுவார்களே, அந்த நடப்புக் கணக்குதான். பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை முதல் மணி, ஒன்றிலிருந்து இரண்டு வரை இரண்டாம் மணி, இரண்டிலிருந்து மூன்று வரை மூன்றாம் மணி. அந்த மூன்றாம் மணியில் பாதி ஓடியிருந்தால் ‘ஹால்ப் ட்ரை’. செக்கில் ‘பூல் த்ரெட்டீ’, ரஷ்யனில் ‘போல் த்ரேத்யெவோ’ என்பார்கள். இரண்டுமே ‘மூன்றாவதில் பாதி’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. ஜெர்மனிலும் டச்சிலும் ‘ஆவது’ கிடையாது, வெறும் ‘பாதி மூன்று’. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் புழங்கும் ‘ஹாஃப் த்ரீ’ வேறு வழியில் வந்தது. ‘ஹாஃப் பாஸ்ட் த்ரீ’ என்பதில் ‘பாஸ்ட்’ பேச்சில் உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நம் பள்ளிக்கூட ஆங்கிலம் ‘ஹாஃப் பாஸ்ட்’ என்றே பழக்கியிருப்பதால், யாராவது அதை விட்டுவிட்டுச் சொன்னாலும் நாமே மனதுக்குள் நிரப்பிக்கொள்கிறோம். டப்ளினில் அது சரியாக வரும். மற்ற இடங்களில் சரியாக ஒரு மணி நேரம் பிந்திப்போய் நிற்போம்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வேலை கிடைத்துப் போனபோது ‘ஹால்ப்’ எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் இருந்தது கால், முக்கால் விவகாரம். பாடத்தில் ‘ஃபியர்டல் நாஹ் ஆஹ்ட்’ என்றால் எட்டே கால், ‘ஃபியர்டல் ஃபோர் நொய்ன்’ என்றால் எட்டே முக்கால் என்று சொல்லித்தந்தார்கள். எட்டுக்குப் பிறகு கால், ஒன்பதுக்கு முன் கால். இதில் தடுமாற ஒன்றும் இல்லை. ஆனால் கிழக்கு ஜெர்மனியிலும், தெற்கே பல பகுதிகளிலும் இந்த ‘நாஹ்’, ‘ஃபோர்’ எல்லாம் போய்விடும். ‘ஃபியர்டல் நொய்ன்’ என்றால் 8:15. ‘ஹால்ப் நொய்ன்’ என்றால் 8:30. ‘ட்ரைஃபியர்டல் நொய்ன்’ என்றால் 8:45. ஒன்பதாம் மணியில் கால், அரை, முக்கால். உண்மையைச் சொன்னால், பாடப்புத்தக ஜெர்மனைவிட ஒழுங்கான கணக்கு இதுதான். ‘ஹால்ப்’பை நடப்புக் கணக்கில் சொல்லிவிட்டு, கால் மணிக்கு மட்டும் ஏன் ‘பிறகு’, ‘முன்’ என்று மாற வேண்டும்? லைப்சிக்காரரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஹம்பர்க்காரர் ‘ட்ரைஃபியர்டல்’ கேட்டுத் திருதிருவென முழிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆக இது வெளிநாட்டுக்காரர் பிரச்சினை மட்டும் இல்லை.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு தனிப் பொறி இருக்கிறது. ‘ட்ரைஃபியர்டல் நொய்ன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘முக்கால் ஒன்பது’. உடனே ‘ஒன்பதே முக்கால்’ என்று மனம் பொருத்திக்கொள்ளும். சந்தேகமே வராது, ஏனென்றால் நம் மொழியில் அப்படியொரு நேரம் உயிரோடு இருக்கிறது. முதுகுவலிக்கு பிசியோதெரபி அப்பாயின்ட்மென்ட் கேட்டு நான் போன் செய்தபோது, வரவேற்பில் இருந்த அம்மா சொன்னது இதைத்தான். ஒன்பதரைக்கே போய்ப் பெருமையாக உட்கார்ந்தேன். என் முறை தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது என்றார். வீட்டுக்கு 35 யூரோவுக்கு பில் வந்தது. நான் ஏமாற்றப்பட்டதாகவே நினைத்து, அரைகுறை ஜெர்மனில் வாதாடிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் விளக்கியபோதுதான் சங்கதியே புரிந்தது.

இந்தக் கட்டணத்துக்கு ‘அவுஸ்ஃபால்ஹோனோரார்’ என்று பெயர். நோயாளி வராமல் நேரம் வீணானதற்கான தொகை. ஒரே ஆளுக்கென்று நேரம் ஒதுக்கும் பிசியோதெரபி, பல் மருத்துவம், மனநல ஆலோசனை போன்ற இடங்களில் முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாவிட்டால் கட்டணம் உண்டு என்ற வரி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மருத்துவக் காப்பீடு இதைத் தராது, கைக்காசுதான். பில் வந்துவிட்டால் வாதாடுவதைவிட, அன்றைக்கே போன் செய்து ‘மிஸ்ஃபெர்ஷ்டென்ட்னிஸ்’, அதாவது நேரத்தைப் புரிந்துகொண்டதில் குழப்பம், என்று சொல்லி ‘குலான்ஸ்’ கேளுங்கள். கடமை இல்லாவிட்டாலும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பதற்கு அங்கே புழங்கும் சொல் அது. கடை, வங்கி, கிளினிக் எங்கும் செல்லுபடியாகும். தருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் குரலை உயர்த்தியவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

போனில் நேரம் கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். வேகமான பேச்சில் ‘ஹால்ப்’ அமுங்கிப்போகும், எண்தான் காதில் விழும். அதனால் ‘ஹால்ப் ட்ரை’யை மூன்று விதமாகக் கேட்க முடியும்: சரியாகப் புரிந்தால் 2:30, ‘ஹால்ப்’ காதில் விழாவிட்டால் 3:00, தமிழிலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொண்டால் 3:30. போதாததற்கு இரண்டுக்கு ‘ட்ஸ்வை’, மூன்றுக்கு ‘ட்ரை’ என்று இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதற்காகவே ஜெர்மன்காரர்கள் போனில் இரண்டை ‘ட்ஸ்வோ’ என்பார்கள். இது தெரியாமல் ‘ட்ஸ்வோ’ ஏதோ புது எண் என்று முழிக்க வேண்டாம்.

இதற்கு ஒரே மருந்து 24 மணிக் கணக்கு. அவர் ‘ஹால்ப் ட்ரை’ என்று சொன்னால், நீங்களும் ‘யா, ஹால்ப் ட்ரை’ என்று திருப்பிச் சொல்லாதீர்கள். ஒரே சொல்லை இருவரும் சொல்லிக்கொள்வதால் எதுவும் உறுதியாவதில்லை, இருவர் தலையிலும் வேறு வேறு நேரம் இருக்கலாம். ‘ஆல்ஸோ ஃபியர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஷ், ரிஷ்டிஷ்?’ என்று கேளுங்கள். ‘அப்படியென்றால் 14 மணி 30, சரிதானே?’ என்று அர்த்தம். டச்சில் என்றால் ‘டுஸ் ஃபேர்டீன் ஊர் டெர்டிஹ்?’. கூடவே கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ கேளுங்கள். எழுத்தில் ‘ஹால்ப்’ அபூர்வம், 14:30 அல்லது 14.30 என்று இலக்கத்தில்தான் வரும். ரயில் நிலைய அறிவிப்பு, அரசு அலுவலகக் கடிதம், டிக்கெட் எல்லாமே 24 மணிக் கணக்கில்தான் இருக்கும். ஆபத்து முழுக்க வாய்ப்பேச்சில்தான்.

நேரத்துக்கு முன்னால் வரும் குட்டிச் சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ‘உம்’ என்றால் சரியாக அந்த மணிக்கு. ‘கேகன்’ என்றால் சுமாராக. ‘ஆப்’ என்றால் அந்த மணியிலிருந்து, ‘பிஸ்’ என்றால் அதுவரை. வீடு பார்க்க ‘ஆப் ஹால்ப் ட்ரை’ வரச்சொன்னால், இரண்டரையிலிருந்து கதவு திறந்திருக்கும், வரிசையில் பலர் இருப்பார்கள் என்று பொருள். ரயில் அட்டவணையில் அதே ‘ஆப்’ புறப்பாட்டைக் குறிக்கும், ‘ஆன்’ வருகையைக் குறிக்கும்.

அடுத்த அடி ராட்டர்டாமில் விழுந்தது. இது ஜெர்மன் தெரியாததால் வந்தது இல்லை, ஆங்கிலம் தெரிந்ததால் வந்தது. அங்கே வேலை முடிந்து, உட்ரெக்ட் நிலையத்தில் ஜெர்மனி போகும் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர், வேறு சிலரைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதாகச் சொல்லி, ‘ஹாஃப் ஃபைவ்’ மணிக்குக் கீழே நிற்கச் சொன்னார். அருமையான ஆங்கிலம் பேசுகிறவர். டச்சில் ‘ஹல்ஃப் ஃபைஃப்’ என்றால் நாலரை. அதைத்தான் அவர் அப்படியே ஆங்கிலத்தில் போட்டார். எனக்கு அது ஐந்தரை. நான் மீட்டிங்கில் போனைச் சைலன்ட்டில் வைத்திருந்தேன். அவர் அழைத்துப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். கீழே வந்தபோது கார் இல்லை. உள்ளூர் ரயிலில் உட்ரெக்ட் போய்ச் சேர்ந்தபோது என் ரயிலும் இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பேசும் மொழியைப் பார்க்காதீர்கள், பேசுகிறவரின் தாய்மொழியைப் பாருங்கள். டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ், டேனிஷ் பேசி வளர்ந்தவர்கள் ஆங்கிலத்துக்கு மாறும்போது இந்த ‘ஹாஃப்’பையும் கூடவே தூக்கிக்கொண்டு வருவார்கள், அவர்கள் அறியாமலே. அமெரிக்கர் பொதுவாக ‘பாஸ்ட்’டை விடுவதில்லை, ‘த்ரீ தர்ட்டி’ என்றே சொல்லிவிடுவார். இரண்டாவது, கேட்ட நேரத்தை அடுத்து நடக்க வேண்டியதோடு ஒட்டிப்பாருங்கள். ஐந்தரைக்குக் காரில் ஏறினால் அந்த ரயிலைப் பிடிப்பது மகா நெருக்கடி. நாலரைக்கு ஏறினால் தாராளம். இரண்டு அர்த்தத்தில் எது மற்ற ஏற்பாட்டோடு பொருந்துகிறதோ, அதுதான் அனேகமாகச் சொன்னவர் நினைத்தது. எதுவுமே பிடிபடாவிட்டால் முந்தைய நேரத்துக்குப் போய்விடுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போனால் ஒரு காபிச் செலவு. ஒரு மணி நேரம் பிந்தினால் எனக்கு ஆனது 168 யூரோ, இணைப்பு ரயில் இல்லாமல் விடியும்வரை நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்தது தனி.

அந்த 168 ஏன் ஆனது என்றால், மலிவு டிக்கெட்டில் ‘ட்சூக்பிண்டுங்’ இருக்கும். குறிப்பிட்ட அந்த ரயிலில் மட்டும்தான் செல்லும் என்ற கட்டுப்பாடு. ஜெர்மன் ரயில்வேயின் ‘ஷ்பார்ப்ரைஸ்’, ‘சூப்பர் ஷ்பார்ப்ரைஸ்’ வகைகள் இப்படிப்பட்டவை. ரயில்வேயின் தாமதத்தால் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்று தெரிந்தால் இந்தக் கட்டுப்பாடு விலகும், வேறு ரயிலில் ஏறலாம். நம் காரணத்தால் தவறவிட்டால் டிக்கெட் வெறும் காகிதம். அப்படியே அடுத்த ரயிலில் ஏறிப் பரிசோதகரிடம் கெஞ்சலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வேறொருவர் சொல்லும் நேரத்தை நம்பி நிலையத்துக்குப் போக வேண்டிய நாளில், கொஞ்சம் விலை கூடினாலும் கட்டுப்பாடில்லாத ‘ஃப்ளெக்ஸ்ப்ரைஸ்’ வாங்குவதே மேல் என்பது என் கட்சி. நண்பர்கள் இதை ஊதாரித்தனம் என்கிறார்கள்.

டச்சில் இன்னொரு சுழி உண்டு. நிமிடங்களையும் அந்த அரையை வைத்தே எண்ணுவார்கள். ‘டீன் ஃபோர் ஹல்ஃப் ட்ரீ’ என்றால் இரண்டரைக்குப் பத்து நிமிடம் முன், அதாவது 2:20. ‘டீன் ஓஃபர் ஹல்ஃப் ட்ரீ’ என்றால் இரண்டரை தாண்டிப் பத்து, 2:40. நார்வேயிலும் இதே பாணி: ‘தி போ ஹல் த்ரே’ என்றால் 2:20. ஜெர்மனில் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குத்தான் இப்படிச் சொல்வார்கள்: ‘ஃப்யுன்ஃப் ஃபோர் ஹால்ப் ட்ரை’ 2:25, ‘ஃப்யுன்ஃப் நாஹ் ஹால்ப் ட்ரை’ 2:35. கேட்ட மாத்திரத்தில் கணக்குப் போட வராது. எண்களை வரிசையாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அரையை முதலில் கண்டுபிடித்துப் பிறகு கூட்டுங்கள் அல்லது கழியுங்கள். ஹங்கேரியிலும் செக்கிலும் கால், முக்கால் எல்லாம் லைப்சிக் பாணிதான். ‘ஃபேல் ஹாரோம்’ 2:30, ‘ஹாரோம்நெட்யெட் ஹாரோம்’ 2:45. பார்சிலோனாவில் ஸ்பானிஷ் பேசினால் நம் கணக்கு. பழைய முறையில் கத்தலான் பேசுகிறவர் ‘மூன்றில் இரண்டு கால்’ என்பார், அதுவும் 2:30தான்.

டப்ளின் அணியோடு அழைப்பு வைத்தால் நேர மண்டலமும் சேர்ந்துகொள்ளும். ஜெர்மனியைவிட அயர்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். அவர் ‘ஹாஃப் த்ரீ’ என்றால் அவருக்கு 15:30, லைப்சிக்கில் 16:30. ஜெர்மன் பழக்கத்தில் அதை 14:30 என்று எடுத்துக்கொண்டு, மண்டலத்தையும் மறந்தால் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். இதில் பேச்சையே நம்பாமல் காலண்டர் அழைப்பு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

டென்மார்க்கில் இந்த அரை கடிகாரத்தைவிட்டு இறங்கி விலைக்குள் புகுந்துவிட்டது. அங்கே 50, 70, 90 எல்லாமே அரைக் கணக்கு. ‘ஹல்த்ரெஸ்’ என்றால் மூன்றாவதில் பாதி, அதாவது இரண்டரை, அதை இருபதால் பெருக்கினால் 50. ‘ஹல்ஃபியர்ஸ்’ மூன்றரை இருபது, 70. ‘ஹல்ஃபெம்ஸ்’ நாலரை இருபது, 90. வெறும் ‘த்ரெஸ்’ 60, ‘ஃபியர்ஸ்’ 80. ‘த்ரெஸ்’ 60 என்று தெரிந்தவர், ‘ஹல்த்ரெஸ்’ அதில் பாதி 30 என்று நினைப்பது இயல்பு. பில் போடும் திரையைப் பார்த்துக் காசு கொடுப்பதே உத்தமம்.

கடையில் நிறுக்கும்போது அவ்வளவு ஆபத்தில்லை. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பேச்சுவழக்குப் ‘பவுண்டு’ 500 கிராம், எனவே அரைப் பவுண்டு 250. பிரிட்டிஷ் பவுண்டு 454 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. பவேரியாவில் ‘ஹால்பே’ கேட்டால் அரை லிட்டர் பீர் வரும், அயர்லாந்தில் ‘ஹாஃப்’ கேட்டால் அரை பைன்ட், 284 மில்லி. சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கொலோனில் ‘ஹல்வர் ஹான்’ என்று மெனுவில் இருந்தால் பெயர்தான் அரைச் சேவல், தட்டில் வருவது ‘ரை’ என்ற தானியத்தில் செய்த ரொட்டியும் சீஸும். ஜெர்மனியின் மற்ற ஊர்களில் ‘ஹால்பஸ் ஹேன்ஷன்’ என்றால் நிஜமாகவே பாதிக் கோழி.

படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. ஜெர்மன் பல்கலைக்கழக அட்டவணையில் 14 மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ (c.t.) என்று இரண்டு எழுத்து இருந்தால் வகுப்பு 14:15க்கு ஆரம்பம். ‘எஸ்.டி.’ (s.t.) என்றிருந்தால் சரியாக 14:00. ஸ்வீடனின் பழைய பல்கலைக்கழகங்களிலும் இந்தக் கால் மணிச் சலுகை உண்டு. தேர்வுக்கும் நேர்காணலுக்கும் சலுகையை நம்ப வேண்டாம், சரியான நேரத்துக்கே போங்கள்.

கடைசியாக ‘ஹால்ப் ஐன்ஸ்’. பகலில் 12:30, சாப்பாட்டு நேரம், ஒன்றரை இல்லை. ராத்திரியில் அதே சொல் 0:30. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் பேருந்துக்கு ‘ஃப்ரைடாக் நாஹ்ட், ஹால்ப் ஐன்ஸ்’ என்று நண்பர் வாயால் சொல்வார், டிக்கெட்டில் சனிக்கிழமைத் தேதி போட வேண்டும். வெள்ளிக்கிழமைத் தேதிக்கு 0:30 என்று வாங்கினால் அந்தப் பேருந்து முந்தைய நாள் ராத்திரியே போயிருக்கும்.